வீலேன் தாண்டும் மல்டிகாஸ்ட்: சுவிட்ச் போர்ட் அமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மல்டிகாஸ்ட் (ஒரே ஸ்ட்ரீமைக் கேட்கும் கருவிகள் எல்லாவற்றுக்கும் ஒருசேர அனுப்பும் முறை) வீடியோ நன்றாக ஓடுகிறது, நான்கு நிமிடம் கழித்து நின்றுவிடுகிறது. ரிசீவரை மறுபடி தொடங்கினால் இன்னொரு நான்கு நிமிடம் ஓடும். இந்த அறிகுறி தெரிந்தால் கேபிளைச் சந்தேகிக்கும் முன், அந்த வீலேனில் (சுவிட்சுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்கில்) ஐஜிஎம்பி குவெரியர், அதாவது எந்த ஸ்ட்ரீம் யாருக்கு வேண்டும் என்று அவ்வப்போது கேட்கும் கருவி, இருக்கிறதா என்று பாருங்கள். நான் முதலில் தேடுவது இதைத்தான்.

ஸ்னூப்பிங் இயங்கும் சுவிட்ச், எந்தப் போர்ட்டில் யார் எந்த குரூப்பில் (ஒரு ஸ்ட்ரீமுக்குரிய மல்டிகாஸ்ட் முகவரியில்) சேர்ந்தார்கள் என்று கவனித்துக் குறித்துக்கொள்கிறது. அந்தப் பதிவு நிரந்தரமல்ல. குவெரியர் வழக்கமாக 125 வினாடிக்கு ஒருமுறை, இன்னும் யாருக்கு வேண்டும் என்று கேட்கும், ரிசீவர்கள் பதில் சொல்வார்கள், பதிவு புதுப்பிக்கப்படும். கேட்க யாரும் இல்லையென்றால் 260 வினாடியில் பதிவு காலாவதியாகிவிடும். எனவே, சோதிக்கும்போது ஒரு நிமிடம் படம் வந்ததுமே வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். பத்து நிமிடமாவது ஓடவிடுங்கள்.

ரவுட்டரின் இடைமுகத்தில் பிம் (மல்டிகாஸ்டை ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்கு வழிநடத்தும் நெறிமுறை) இயக்கினால் அதுவே குவெரியராகவும் இருக்கும். ரவுட்டிங் இல்லாத வீலேனில் சுவிட்சிலேயே ஸ்னூப்பிங் குவெரியரை இயக்க வேண்டும், அதுவும் வீலேன் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக. அதற்கு அந்த வீலேனிலேயே ஓர் ஐபி முகவரி கொடுப்பது நல்லது. இரண்டு குவெரியர்கள் இருந்தால் சிறிய முகவரி உள்ளதே வெல்லும். மூலை ரேக்கில் கிடக்கும் சின்ன சுவிட்ச் அப்படி வென்றுவிட்டால், மல்டிகாஸ்ட் முழுவதும் அதை நோக்கி இழுக்கப்படும். அந்தப் பொறுப்பு நெட்வொர்க்கின் நடுவில் இருக்கும் கோர் சுவிட்சிடம்தான் இருக்க வேண்டும்.

குவெரியர் சிக்கல் புரியாமல் ஸ்னூப்பிங்கையே அணைத்துவிடுகிறவர்கள் நிறைய. அணைத்ததும் படம் வந்துவிடும், உண்மைதான். ஆனால் அந்த வீலேனின் எல்லாப் போர்ட்டுகளிலும் எல்லா ஸ்ட்ரீமும் கொட்டும். 20 கேமராக்கள் தலா 8 மெகாபிட் அனுப்பினால் 160 மெகாபிட். 100 மெகாபிட் போர்ட்டில் இருக்கும் பிரின்டரோ ஃபோனோ அதை எப்படித் தாங்கும்? அதே வீலேனில் வைஃபையும் இருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

அடுத்தது, டிரங்க் (பல வீலேன்களை ஒரே கேபிளில் சுமக்கும் இணைப்பு) பற்றிய தவறான எண்ணம். டிரங்க் போர்ட்டில் இரண்டு வீலேன்களையும் அனுமதித்துவிட்டால் மல்டிகாஸ்ட் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்விடும் என்று நினைக்கிறார்கள். போகாது. டிரங்க் இரண்டையும் தனித்தனியாகச் சுமக்கிறது, அவ்வளவுதான். ஸ்னூப்பிங்கும் ஒரு வீலேனுக்குள் மட்டுமே வேலை செய்யும். வீலேனைத் தாண்ட மல்டிகாஸ்ட் ரவுட்டிங் வேண்டும்: ரவுட்டரிலோ ரவுட்டிங் செய்யும் லேயர் 3 சுவிட்சிலோ அதை இயக்கி, பார்ப்பவர் இருக்கும் வீலேன், அனுப்புபவர் இருக்கும் வீலேன் இரண்டின் இடைமுகங்களிலும் பிம் போட வேண்டும். அனுப்பும் பக்கம் பார்வையாளர் யாரும் இல்லையே என்று அதை விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு. பிம்மின் ஸ்பார்ஸ் மோடில் (கேட்கும் இடத்துக்கு மட்டும் அனுப்பும் முறையில்) ஆர்பி, அதாவது அனுப்புபவரையும் பார்ப்பவரையும் இணைக்கும் சந்திப்பு ரவுட்டர், அதன் முகவரி எல்லா ரவுட்டரிலும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் வரவில்லையா? அப்படியென்றால் டிடிஎல், அதாவது பாக்கெட் எத்தனை ரவுட்டர் தாண்டலாம் என்று வரம்பிடும் எண். பல மென்பொருள்கள் மல்டிகாஸ்ட் பாக்கெட்டை டிடிஎல் 1 என்றே அனுப்புகின்றன. ரவுட்டர் அதில் ஒன்றைக் கழிக்கும், பூஜ்ஜியமாகும், பாக்கெட் கைவிடப்படும். சுவிட்சில் எதை மாற்றினாலும் பயனில்லை. அனுப்பும் கருவியில்தான் கூட்ட வேண்டும்.

அதற்காக எல்லாவற்றுக்கும் டிடிஎல்லைக் கூட்டிப் பார்க்காதீர்கள். 224.0.0.0 முதல் 224.0.0.255 வரை உள்ள முகவரிகளை ரவுட்டர் எந்த டிடிஎல்லோடு வந்தாலும் அடுத்த பக்கம் அனுப்பாது. பிரின்டரையும் டிவியையும் கண்டுபிடிக்க உதவும் எம்டிஎன்எஸ், 224.0.0.251 என்ற முகவரியில் இயங்குகிறது. அது வீலேன் தாண்ட எம்டிஎன்எஸ் கேட்வே ஒன்று தேவை, பிம் உதவாது. சொந்த ஸ்ட்ரீமுக்கு 239 இல் தொடங்கும் முகவரிகளை எடுங்கள், ஆனால் 239.0.0, 239.128.0 என்று தொடங்குபவை வேண்டாம். ஐபி முகவரியின் கடைசி 23 பிட் மட்டுமே மேக் முகவரிக்குள் (சுவிட்ச் பார்க்கும் வன்பொருள் முகவரிக்குள்) போவதால், இவை அந்த 224.0.0 முகவரிகளின் மேக்கிலேயே போய் விழும். மேக்கை வைத்து முடிவெடுக்கும் சுவிட்சுகள் அவற்றை எல்லாப் போர்ட்டிலும் பரப்பிவிடும்.

போர்ட் அளவில் இரண்டு விஷயங்கள். ஃபாஸ்ட் லீவ் (விலகல் செய்தி வந்ததும் அந்தப் போர்ட்டுக்கு அனுப்புவதை உடனே நிறுத்தும்) அமைப்பை ஒரே ஒரு ரிசீவர் உள்ள போர்ட்டில் மட்டும் போடுங்கள். கீழே இன்னொரு சுவிட்ச் தொங்கும் போர்ட்டில் போட்டால், ஒருவர் விலகியதும் மற்றவர்களின் படமும் சட்டென்று நின்றுபோகும். ஸ்டார்ம் கன்ட்ரோல் (போர்ட்டில் வரும் அளவு எல்லை மீறினால் மிச்சத்தை வெட்டும் அமைப்பு) வரம்பை மல்டிகாஸ்டுக்கும் போட்டிருந்தால், ஸ்ட்ரீம்களின் மொத்த வேகத்தைக் கணக்கிட்டு அதற்கு மேல் வையுங்கள். குறைவாக வைத்தால் சுவிட்சே பாக்கெட்டுகளை வெட்டும், படம் கட்டம் கட்டமாக உடையும்.