மலையில் டைல்ஸ் போட நல்ல மேஸ்திரியைப் பிடிப்பது எப்படி?

கோத்தகிரியில் எங்கள் வீட்டு பாத்ரூமுக்கும் சமையலறைக்கும் இந்தக் கோடையில் டைல்ஸ் போட்டு முடித்தோம். டைல்ஸை மேட்டுப்பாளையத்திலோ கோயம்புத்தூரிலோ பார்த்து ஏற்றி வந்துவிடலாம். ஆள் பிடிப்பதுதான் பெரிய வேலை.

1. பெயர் சேர்ப்பது

டைல்ஸ் கடையில் ஒரு நம்பர் தருவார்கள். வாங்கிக்கொண்டு, பிளம்பரிடமும் கேளுங்கள். யார் போட்ட பாத்ரூம் ஒழுகி உடைக்க வேண்டியிருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

2. பழைய வேலையைப் பார்ப்பது

இதைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். போனில் காட்டும் போட்டோவில் எல்லா டைல்ஸும் பளபளக்கும். ஒரு மழைக்காலம் தாண்டிய வேலையைக் காட்டச் சொல்லுங்கள். குன்னூர், கோத்தகிரி பக்கம் என்றால் ஐப்பசி, கார்த்திகை மழை. கூடலூர், பந்தலூர் என்றால் ஆடி மழை. எந்தச் சுவரில் ஓதம் ஏறுகிறது என்பது அதற்குப் பிறகுதான் தெரியும்.

அங்கே போனதும் ஒரு ரூபாய் நாணயத்தால் டைலின் நான்கு மூலையிலும் நடுவிலும் தட்டிப் பாருங்கள். அடியில் நிறைந்து ஒட்டியிருந்தால் கெட்டியாகச் சத்தம் வரும். காலியாக இருந்தால் வெறும் குடத்தைத் தட்டியது போலக் கேட்கும். மூலை காலியாக இருக்கும் டைல், கனமான பாத்திரம் ஒன்று விழுந்தாலே விரிசல் விடும்.

அடுத்து, கதவோரம் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள். அது தானாக ஓடி, தண்ணீர் வெளியேறும் ஓட்டையின் ஜாலிக்குப் போக வேண்டும். பாத்ரூமில் மூன்றடிக்கு அரை அங்குலமாவது வாட்டம் (சரிவு) இருப்பது நல்லது. மூலையில் தேங்கினால், மாதக்கணக்கில் வெயில் எட்டிப்பார்க்காத நம் வீடுகளில் அது காயாது, வழுக்கும். கிளம்பும் முன் அந்த வீட்டு அக்காவிடம், "சொன்ன நாளுக்கு வந்தாரா?" என்றும் கேட்டுவிடுங்கள்.

3. ஒரே ஒரு கேள்வி

"அண்ணா, விட்ரிஃபைடு டைலை எதுல ஒட்டுவீங்க?" கண்ணாடி போல இறுகச் சுட்ட இந்த டைல் அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாது. சிமென்ட் பால் அதற்குள் இறங்கிப் பிடிக்க வழியில்லை. டைல் பசையை பல் கரண்டியால் (ஓரத்தில் பல் பல்லாக வெட்டிய கரண்டி) இழுத்துத்தான் ஒட்ட வேண்டும். "எல்லாம் சிமென்ட்லயே நிக்கும்" என்று சொல்பவரை நான் கூப்பிடமாட்டேன். பசை மூட்டையில், டைல் பசைக்கான இந்தியத் தர எண்ணான ஐ.எஸ். 15477 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். என் விருப்பத்தைக் கேட்டால், பல் கரண்டி, டைல்களுக்கு நடுவே ஒரே இடைவெளி விட வைக்கும் ஸ்பேசர், ரசமட்டம் எல்லாம் சொந்தமாக வைத்திருப்பவருக்கு ரேட் கொஞ்சம் கூடினாலும் கொடுக்கலாம்.

4. ரேட்

எனக்குத் தலை சுற்றியது இங்கேதான். தரைக்குச் சதுர அடிக் கணக்கு, சுவரின் அடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டைக்கு ரன்னிங் அடி, அதாவது நீளக் கணக்கு. பழைய தரையை உடைப்பது, இடிபாட்டை அள்ளுவது, டைல்களுக்கு நடுவே இடுக்கு அடைப்பது இதில் அடங்குமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். மலையில் இன்னொன்றும் உண்டு: லாரி ரோட்டோடு நின்றுவிடும், வீடு படிக்கட்டுக்குக் கீழே இருக்கும். பெட்டிகளை இறக்கும் சுமைகூலி யார் கணக்கு? எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். பொருள் நம்முடையது என்பதால் பெரிய அட்வான்ஸ் தேவையில்லை. கடைசித் தவணையை, காய்ந்த பிறகு நம் வீட்டிலும் நாணயத்தால் தட்டி, தண்ணீர் ஊற்றிப் பார்த்த பின் கொடுங்கள்.

பின்சேர்க்கை: மார்கழியில் போடலாமா என்று ஊட்டியிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். உறைபனி விழும் நாட்களில் வேண்டாம். 5 டிகிரிக்குக் கீழே போனால் பசை சரியாக இறுகாது. மாசி முதல் சித்திரை வரை நல்ல காலம். தள்ளிப்போட முடியாதென்றால், வெயில் வந்த பின் தொடங்கி மதியத்தோடு நிறுத்தச் சொல்லுங்கள். "கீழே சமவெளில காய விடுறதைவிட ரெண்டு நாள் கூட விட்டுட்டு நடங்க" என்று தானாகச் சொல்லும் மேஸ்திரி கிடைத்தால், அவரையே வைத்துக்கொள்ளுங்கள்.