இங்கிலாந்து வொர்க்ஹவுஸ் டோக்கனை அடையாளம் காண்பது எப்படி?

"பழைய இங்கிலாந்து செம்புக் காசு" என்று மொத்தமாக ஏலத்துக்கு வரும் குவியல்களில் அவ்வப்போது வொர்க்ஹவுஸ் (ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கிய இல்லம்) டோக்கனும் கிடக்கும். அரசாங்கம் போதுமான சில்லறை அடிக்காத காலத்தில், ஏழை நிவாரணத்தைக் கவனித்த ஓவர்சியர்கள் தாங்களே வெளியிட்ட காசு அது.

முதலில், கழுவாதீர்கள். புளி, எலுமிச்சை, பிராஸோ எதுவும் வேண்டாம். செம்பின் பழுப்பு போனால் விலையும் போச்சு. மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போடுங்கள், போதும்.

அடுத்து, விட்டத்தை அளந்து பாருங்கள். 15, 16 மில்லிமீட்டர் என்றால் பெரும்பாலும் 1648–1672 காலத்து ஃபார்த்திங் (கால் பென்னி). 34 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் என்றால் 1811க்குப் பிந்தைய பென்னியாக இருக்கலாம்.

இனி எழுத்து. பொறுமை தேவைப்படுவது இங்கேதான். போன் டார்ச்சை மேலே பிடிக்காமல், மேசையோடு படுத்தாற்போல் பக்கவாட்டில் பிடித்துக் காசை மெல்லத் திருப்புங்கள். தேய்ந்த எழுத்தின் நிழல் தெரியும். பத்து மடங்கு லென்ஸே எனக்குப் பிடித்தது; யூஎஸ்பி மைக்ரோஸ்கோப்பில் ஒரு நேரத்தில் இரண்டு எழுத்துதான் தெரிகிறது. ஃபார்த்திங்கில் உச்சியில் உள்ள நட்சத்திரமோ பூவோதான் வாசகத்தின் தொடக்கம். முன்பக்கம் பாதியில் நின்ற வாக்கியம் பின்பக்கம் தொடரும். 'யு' இருக்க வேண்டிய இடத்தில் 'வி' இருக்கும். நடுவில் முக்கோணமாக மூன்று எழுத்து இருந்தால் அது பெரும்பாலும் கடைக்காரர் வெளியிட்ட டோக்கன்: மேலே குடும்பப் பெயர், கீழே கணவன், மனைவி பெயர்களின் முதலெழுத்து. நாம் தேடுவது 'ஓவர்சியர்ஸ்' அல்லது 'புவர்' (ஏழைகள்) என்ற சொல்.

19ஆம் நூற்றாண்டுக் காசு சுலபம். பர்மிங்ஹாம் அல்லது ஷெஃபீல்டு என்று ஊர்ப் பெயரே இருக்கும். மூன்று பென்னி மதிப்புள்ள 1813 பர்மிங்ஹாம் செம்புக் காசைக் கையில் எடுத்தால் அந்தக் கனமே காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் காலத்துப் பென்னி டோக்கன்கள் பலவற்றில் 240 கொடுத்தால் ஒரு பவுண்ட் நோட்டு என்ற உறுதிமொழியும் உண்டு.

அப்புறம் பட்டியலில் சரிபாருங்கள். 17ஆம் நூற்றாண்டுக்கு வில்லியம்சன் தொகுத்த டோக்கன் பட்டியல். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 19ஆம் நூற்றாண்டுக்கு விதர்ஸ் எழுதிய பட்டியலை வாங்குங்கள், 1904இல் வந்த டேவிஸின் பட்டியலைவிடப் படங்கள் தெளிவு.

பின்சேர்க்கை: "1817இல் டோக்கன்களைத் தடைசெய்தார்களே, 1813 காசு இவ்வளவு தேய்ந்திருக்குமா, போலியா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்தச் சட்டமே இந்த இரண்டு ஊர் ஓவர்சியர்களுக்கும் விலக்கு கொடுத்தது: பர்மிங்ஹாமுக்கு 1820 மார்ச் வரை, ஷெஃபீல்டுக்கு 1823 மார்ச் வரை. ஆகவே தேய்மானத்தை மட்டும் வைத்துப் போலி என்று ஒதுக்க வேண்டாம்.