கடலோர வண்டிக் கூரையில் ஆன்டெனா: துளை, எர்த், உப்பு

ராமேஸ்வரம், தொண்டி, கீழக்கரை என்று கடலோரமாகவே ஓடும் வண்டிக்குக் காந்த மவுன்ட் (ஆன்டெனாவைக் கூரையில் காந்தத்தால் ஒட்டி நிறுத்தும் அடிப்பகுதி) சரிப்படாது. தனுஷ்கோடி ரோட்டில் நாலு நடை போய் வந்து காந்தத்தைத் தூக்கிப் பாருங்கள். மணலில் உள்ள இரும்புத்தாதுத் துகள் தாடி மாதிரி ஒட்டியிருக்கும். வண்டி அதிர அதிர அது உப்புத்தாள் போலப் பெயின்டைத் தேய்க்கும். முதல் துரு அந்த வட்டத்தில்தான் வரும். வாடகை வண்டி என்றால் வேறு வழியில்லை, வாரம் ஒருமுறை எடுத்துத் துடைக்க வேண்டும். சொந்த வண்டிக்குத் துளை போடுவதே நல்லது.

இங்கே சொல்வது 144–146 மெகாஹெர்ட்ஸ் பேண்டுக்கான கால் அலை ஆன்டெனா (அலைநீளத்தில் ஏறத்தாழ கால் பங்கு நீளமுள்ள கம்பி), ஹாம் எனும் பொழுதுபோக்கு வானொலி உரிமம் வைத்திருப்பவர்களுக்கு. கம்பி ஏறத்தாழ 49 செ.மீ. அதைச் சுற்றி நாலா பக்கமும் 50 செ.மீ. இரும்புத் தகடு வேண்டும். ஆகவே கூரையின் நடுவே உகந்த இடம். ஓரத்தில் வைத்தால் ஒரு திசைக்கு நன்றாகப் போகும், மறு திசைக்கு மந்தமாக இருக்கும்.

முதலில் உள்விளக்கைக் கழற்றி, கூரைத் துணியை இறக்கிப் பாருங்கள். குறுக்குச் சட்டம், ஒயர், ஏர்பேக் எங்கே போகிறது என்று தெரியாமல் ட்ரில்லைத் தொடக் கூடாது. என்.எம்.ஓ. மவுன்டுக்கு (கூரைத் துளையில் திருகிப் பொருத்தும் ஆன்டெனா அடிப்பகுதி) 19 மி.மீ. துளை. 3 மி.மீ. பிட்டால் நடுத்துளை போட்டு, பிறகு ஆழம் தடுக்கும் விளிம்புள்ள ஹோல் சா (வட்டமாக வெட்டும் ரம்பம்). பல்லில் கிரீஸ் தடவினால் இரும்புப் பொடி பறக்காமல் ஒட்டிக்கொள்ளும். மிச்சப் பொடியைப் பாலித்தீன் பையில் சுற்றிய காந்தத்தால் ஒற்றி எடுங்கள். இதில் சோம்பல்பட்டால், இரவுப் பனி உப்போடு இறங்கி, காலையில் வெள்ளைக் கூரை முழுக்க மிளகாய்த்தூள் தூவியது போல் புள்ளி புள்ளியாகத் துரு நிற்கும்.

அடுத்தது வேலையின் முக்கியமான கட்டம். எர்த், அதாவது மவுன்டுக்கும் கூரைத் தகட்டுக்கும் மின்தொடர்பு, கிடைக்கப் பெயின்டைச் சுரண்ட வேண்டும். சுரண்டிய இடத்தில் உப்பு ஏறும். கூரையின் மேற்பக்கம் ஒரு கீறல்கூட விழக் கூடாது. அடிப்பக்கம் மட்டும், மவுன்டின் பல்வளையம் கடிக்கும் அகலத்துக்குச் சுரண்டினால் போதும். துளையின் வெட்டு விளிம்பை அரத்தால் தேய்த்து, ஜிங்க் பிரைமர் இரண்டு கோட் கொடுத்து, ஒவ்வொன்றும் காயும் வரை காத்திருங்கள். சுரண்டிய இடத்தில் மெல்லியதாகக் கிரீஸ். பல் அதைத் துளைத்து இரும்பைப் பிடித்துக்கொள்ளும், காற்று உள்ளே போகாது. மேலே ரப்பர் வளையம் சரியாக உட்கார வேண்டும். ஸ்பேனரால் முறுக்கித் தள்ளினால் தகடு குழியும், குழியில் மழைநீர் தேங்கும். சிலிக்கான் பூசுவதானால் புளிக்காடி வாடை அடிக்காத வகையாகப் பார்த்து வாங்குங்கள். அந்த வாடை அசிட்டிக் அமிலம். பித்தளையையும் செம்பையும் அரிக்கும்.

ஆர்.ஜி.-58 கேபிள் 4–5 மீட்டர் போதும். மீதத்தை இருக்கைக்கு அடியில் சுருட்டி வைப்பது வீண் இழப்பு. ஏர்பேக் உள்ள தூணில் அதன் மேலே ஒயர் குறுக்கிடக் கூடாது. கனெக்டர் மாட்டியதும் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டர் வையுங்கள்: நடுக்கம்பிக்கும் பாடிக்கும் தொடர்பே இருக்கக் கூடாது, கேபிளின் வெளிக்கம்பி வலைக்கும் பாடிக்கும் 1 ஓமுக்குள் இருக்க வேண்டும்.

எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனாவிலிருந்து சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு; குறைந்தால் நல்லது) பார்க்கும்போது கதவுகளை மூடி, திறந்த வெளியில் நிறுத்துங்கள். 144-இல் குறைவாகவும் 146-இல் கூடுதலாகவும் காட்டினால் கம்பி நீளம் கூடுதல் என்று பொருள்; 2 மி.மீ. வீதம் வெட்டுங்கள். 1 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 3.5 மி.மீ. கணக்கு. 1.5-க்குக் கீழே வந்தால் நிறுத்திவிடலாம், அதற்குமேல் துரத்துவதில் லாபமில்லை.

உள்ளூர்ச் சாலைகளில் சீமைக் கருவேலங்கிளை கம்பியை அடிக்கும். அடியில் ஸ்பிரிங் உள்ளதாக வாங்கினால் மவுன்ட் தப்பும். மாதம் ஒருமுறை, கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கம்பியைத் திருகி எடுத்து நன்னீரில் நனைத்த துணியால் துடையுங்கள். நடு முனையில் பச்சை படிந்திருந்தால் ரப்பர் வளையத்தை மாற்ற வேண்டும்.