பூஞ்சை பிடித்த கேசட்டை டெக்கில் போடுவதற்கு முன்

கீழக்கரையில் வீடியோ கேசட் கடை வைத்திருந்தவன் என்பதால், பரணை ஒழிக்கிறவர்கள் இன்றைக்கும் பையோடு என்னிடம்தான் வருகிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஸ்கேலை எடுங்கள். நீளம் 18.7 செ.மீ. என்றால் விஎச்எஸ், 15.6 என்றால் பீட்டாமேக்ஸ். உள்ளே ஓடும் நாடா இரண்டிலும் அரை இஞ்ச்தான். ஆனால் ஒன்றை ஓட்டும் டெக்கில் மற்றது ஓடாது. பீட்டாமேக்ஸை சோனி 1975-ல் கொண்டுவந்தது. மறு வருடமே ஜப்பானில் ஜேவிசி விஎச்எஸ்ஸை இறக்கியது. ஆரம்பத்தில் பீட்டாவில் ஒரு மணி நேரம், விஎச்எஸ்ஸில் இரண்டு. பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிட்டது என்பேன். நம் ஊரில் புழங்கிய இ-180 கேசட்டில் மூன்று மணி நேரம். பாட்டு, சண்டையோடு முழுப்படமும் அடங்கும், நிக்காஹ்வும் அடங்கும்.

லேபிளில் டி-120 என்று இருந்து, படம் உருண்டாலோ கலர் வராவிட்டாலோ அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சியில் பதிந்ததா என்று சந்தேகப்படுங்கள். அதற்கு வேறு டெக் வேண்டும்.

அடுத்து, கம்பெனிகளே படத்தைப் பதிந்து விற்ற கேசட்டுகளைத் தனியே ஒதுக்குங்கள். அமெரிக்காவில் ஆண்ட்ரே பிளே என்பவரின் மேக்னடிக் வீடியோ 1977-ல் ஃபாக்ஸ் நிறுவனத்திடம் 50 படங்களுக்கு உரிமை வாங்கி கேசட்டாக விற்றது. அதே வருடம் லாஸ் ஏஞ்சல்ஸில் ஜார்ஜ் அட்கின்சன் அவற்றை வாங்கி வாடகைக்கு விட்டார். எங்கள் தொழிலுக்கு மூத்தவர். கம்பெனி போட்ட படம் எங்காவது இன்னொரு பிரதி இருக்கும். வளைகுடாவில் இருந்த மாப்பிள்ளைக்கு ஆள் கையில் கொடுத்தனுப்பிய கல்யாண கேசட் அப்படியில்லை.

லேபிளை நம்பாதீர்கள். “காக்கா, இது வெறும் சினிமாதான், தூக்கிப் போட்டுருவோமா?” என்று கேட்ட ஒரு தம்பியின் கேசட்டைக் கடைசிவரை ஓட்டினேன். படம் முடிந்தபிறகு கொஞ்சம் இலங்கை டிவியான ரூபவாஹினியின் நிகழ்ச்சி, அதற்கும் பிறகு அவன் உம்மாவின் குரல். மேலே பதிந்தவர்கள் நாடா முடியும்வரை பதிவதில்லை.

சரி, பூஞ்சைக்கு வருவோம். நம் உப்புக்காற்றில் அதுதான் பெரிய பகை. கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியாக ரீலைப் பாருங்கள்: கறுப்பு நாடாவின் விளிம்பில் வெள்ளையாகப் பவுடர் போல இருந்தால் டெக்கில் போடவே கூடாது. ஒரு கேசட்டின் பூஞ்சை, டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். வெயிலிலும் வைக்காதீர்கள், நாடா நெளிந்துவிடும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் சில நாள் காயட்டும். பிறகு மாஸ்க் போட்டுக்கொண்டு வெளித்திண்ணையில் உட்காருங்கள். விஎச்எஸ் என்றால் அடியில் ஐந்து ஸ்குரூ. கழற்றி, இரண்டு ரீலையும் நல்ல கூட்டுக்கு மாற்றுங்கள். நாடா போகும் வழியை மாற்றாமல் வையுங்கள், முன்கூட்டியே போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது. பூஞ்சை துடைக்கவென்றே ஒரு பழைய டெக்கை ஒதுக்கி, பஞ்சு உதிராத துணியை நாடாவில் லேசாகப் பட வைத்து முழுக்க ஓட்டி, திரும்பச் சுற்றுங்கள்.

ஹெட் பொருத்திய சுழல் உருளையான ஹெட் டிரம்மைத் துடைக்க ஐசோபுரோபைல் ஆல்கஹால். காது குடையும் பட்ஸ் வேண்டாம், அதன் இழை ஹெட்டில் மாட்டும். துணியை அசையாமல் பிடித்து டிரம்மைத்தான் கையால் திருப்பவேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் உடையும்.

கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது 720க்கு 576, நொடிக்கு 25 ஃபிரேம் என்று வையுங்கள். துடைத்தபின் முதல் தடவை ஓடும்போதே பதிந்துவிடுங்கள்; நொந்த நாடா இரண்டாவது ஓட்டத்தைத் தாங்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.