கண்ணாடிக் கதவு வைக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

புதிதாகத் திறந்த ஒரு கிளினிக்கின் கண்ணாடிச் சுவரில், தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில், மூன்று விரல் பட்டையாகத் திருநீறு அப்படியே அச்சாகியிருந்தது. அதற்குக் கீழே மூக்கு பட்ட எண்ணெய்த் தடம். “இன்னைக்கு இது ரெண்டாவது சார்” என்று சொல்லிக்கொண்டே காவலாளி துணியால் துடைத்தார். அவர் துடைக்கத் துடைக்கக் கண்ணாடி பளிச்சென்று ஆனது. அதாவது, மறுபடியும் கண்ணில் படாமல் போனது.

கட்டட வேலைகளைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மோதியவர் மேல் தப்பே இல்லை. வேலை நடக்கும்வரை கண்ணாடியில் பெருக்கல் குறி போல டேப் ஒட்டியிருக்கும், அல்லது சுண்ணாம்புக் கோடு இருக்கும். அங்கே வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும், இல்லாவிட்டால் யாராவது மோதுவார்கள் என்று. திறப்பு விழாவுக்கு முந்தின ராத்திரி, போட்டோவில் அசிங்கமாகத் தெரியும் என்று அதைக் கிழித்துவிடுவார்கள். அந்த இடத்துக்கு வேறு எதுவும் வருவதில்லை.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். கலிபோர்னியாவின் கூப்பர்டினோவில் ஆப்பிள் நிறுவனம் கட்டிய வளைய வடிவத் தலைமையகத்தில், ஊழியர்கள் கண்ணாடியில் மோதி நெற்றியில் காயம்பட்டு, அவசர உதவிக்குப் போன் செய்ய வேண்டியதானது. 2018 தொடக்கத்தில் இது செய்தியானது. ஊழியர்களே ஒட்டுச்சீட்டு வாங்கி ஒட்ட, கட்டடத்தின் அழகு கெடுகிறது என்று அவற்றையும் எடுத்துவிட்டார்களாம்.

சரி, ஸ்டிக்கர் ஒட்டியாயிற்று என்பவர்களிடமும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் கதவின் நடுவில் கடையின் சின்னம் மட்டும் இருக்கும். பக்கத்தில் அசையாத கண்ணாடிப் பலகை வெறுமையாக நிற்கும். அவசரத்தில் வருகிறவருக்கு வெறுமையாக இருப்பதுதான் வழி என்று படும், நேரே அதில் போய் முட்டுவார். கதவுக்கு ஒட்டுவதைவிட முக்கியம், பக்கத்துப் பலகைக்கு ஒட்டுவது. பிரிட்டனின் கட்டட விதிகள் இதற்கு இரண்டு உயரம் சொல்கின்றன: தரையிலிருந்து 850 முதல் 1000 மி.மீ.க்குள் ஒரு வரிசை, 1400 முதல் 1600 மி.மீ.க்குள் இன்னொன்று. கீழ் வரிசை குழந்தைகளுக்கும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கும் உதவும். நம் ஊரில் அந்தக் கீழ் வரிசையைத்தான் முதலில் விட்டுவிடுகிறோம்.

நிறமும் கவனிக்க வேண்டியது. பின்னால் வெள்ளைச் சுவரும் வெள்ளை டைல்ஸும் இருக்கும்போது பனி படர்ந்தது போன்ற வெளிர் பட்டை ஒட்டினால், அது இருந்தும் இல்லாததுதான். காலை பத்து மணிக்கு ஒரு தடவை, விளக்கு போட்டபின் இரவு ஏழு மணிக்கு ஒரு தடவை, பத்தடி தள்ளி இரண்டு பக்கமும் நின்று பாருங்கள். அப்புறம் அந்தத் ‘தள்ளு’, ‘இழு’ விஷயம். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் மறுபக்கம் எழுத்து இடவலம் மாறித் தெரியும். அதைப் படிக்க முயன்றுகொண்டே இழுத்துப் பார்ப்பவர்களைத் தினமும் பார்க்கலாம்.

மோதினால் நெற்றி வீங்கும், அவ்வளவுதானே என்று நினைக்க வேண்டாம். 2020 ஜூனில் கேரளத்தின் பெரும்பாவூரில், வங்கியிலிருந்து வேகமாக வெளியே ஓடிய ஒரு பெண் கண்ணாடிக் கதவில் மோதினார். கதவு உடைந்து, துண்டு வயிற்றில் குத்தி இறந்துபோனார். சாதாரணக் கண்ணாடி கத்தி போல நீளநீளமாக உடையும். டஃபன் கிளாஸ் என்று கடைக்காரர்கள் சொல்லும் கடினப்படுத்திய கண்ணாடி, கற்கண்டு போலப் பொடிப்பொடியாக உதிரும். 600 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று காற்றடித்துக் குளிர்விப்பதால் வரும் குணம் அது. விலையைக் குறைக்க இதில் கைவைப்பதைப் போன்ற முட்டாள்தனம் வேறில்லை. வாங்கும்போது மூலையில் அழியாத முத்திரை இருக்கிறதா, ஐஎஸ் 2553 என்ற தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் இருந்தால் போட்டுப் பாருங்கள். சாய்ந்த வெயிலில் புள்ளிபுள்ளியாகவோ பட்டையாகவோ நிழல் தெரிந்தால் அது சூட்டில் போய் வந்த கண்ணாடி.

ஆனால் பொடியாக உதிர்வது எல்லா இடத்துக்கும் நல்லதல்ல. மாடிக் கைப்பிடிச் சுவரிலோ தலைக்கு மேல் கூரையாகவோ இருந்தால், உதிர்ந்தபின் அங்கே தடுப்பே இருக்காது. அங்கெல்லாம் நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடிதான். உடைந்தாலும் துண்டுகள் படலத்தோடு ஒட்டி நிற்கும்.

கடினப்படுத்தியபின் வெட்டவோ துளைபோடவோ முடியாது. பூட்டு எங்கே, கைப்பிடி எங்கே என்று ஆர்டர் கொடுக்கும் முன்னே முடிவுசெய்யாமல், “சைட்ல பாத்துக்கலாம்” என்று விட்டவர்கள் முழுக் கண்ணாடியையும் இழந்ததைப் பார்த்திருக்கிறேன். அதன் நடுப்பகுதி நல்ல வலு, பலவீனம் ஓரத்தில். வெறும் தரையில் மூலையை ஊன்றி நிறுத்தினால் சின்ன சில்லு போகும், பொருத்தி மாதக்கணக்கானபின் யாரும் தொடாமலே வெடிக்கலாம். மூலையில் சில்லு போனதை மாட்டவே விடாதீர்கள்.

கடைசியாகத் தரைக்கடியில் இருக்கும் ஃப்ளோர் ஸ்பிரிங். சுற்றிலும் சட்டம் (ஃப்ரேம்) இல்லாத 12 மி.மீ. கனக் கண்ணாடிக் கதவு, மூன்றடி அகலம் ஏழடி உயரம் என்றாலே கிட்டத்தட்ட 60 கிலோ. அந்தக் கனத்தைத் தாங்கி மெதுவாகச் சாத்துவது அதுதான். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி வாசல் கழுவினால் அந்தப் பெட்டிக்குள் நீர் தேங்கித் துருப்பிடிக்கும். கடைசி ஓரடியில் கதவு வேகமெடுத்தால் அந்தப் பெட்டியில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகாணியைக் கால் சுற்று திருப்பிப் பார்க்கலாம், முழுக்கக் கழற்றினால் எண்ணெய் பீய்ச்சும். தரையில் ஏற்கெனவே எண்ணெய்க் கறை தெரிந்தால் திருகி பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். மாற்றும்வரை அந்தக் கதவைப் பூட்டிவிட்டுப் பக்கத்துக் கதவைத் திறந்துவிடுங்கள்.