மாலைநேர மின்சுமையைக் குறைக்க, முதலில் மீட்டரைப் படியுங்கள்

தமிழ்நாட்டின் மின்தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. ஆனால் மின்கட்டமைப்பு ஒவ்வொரு நாளும் திணறுவது, சூரிய மின் உற்பத்தி அடங்கி, வீடுகளில் விளக்கும் ஏ.சி.யும் ஒருசேர ஓடத் தொடங்கும் மாலை வேளையில்தான். எத்தனை யூனிட் செலவழிக்கிறோம் என்பதோடு எப்போது செலவழிக்கிறோம் என்பதையும் ஸ்மார்ட் மீட்டர் பதிவு செய்யும். அத்தகைய மீட்டர் உள்ள வீடுகளுக்கு வெயில் பொழுதில் கட்டணத்தைக் குறைக்கவும் உச்சநேரத்தில் கூட்டவும் மத்திய அரசின் 2023ஆம் ஆண்டு விதிகள் வழிவகுத்துள்ளன.

புது மீட்டர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இப்போதுள்ள மின்னணு மீட்டரில் சிறு சிவப்பு விளக்கு ஒன்று விட்டுவிட்டு எரியும். ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை முறை மினுக்கும் என்பது மீட்டரின் முகப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண் 3,200 என்று கொள்வோம். மற்ற அனைத்தையும் அணைத்துவிட்டு, ஏ.சி.யை மட்டும் ஓடவிட்டு, ஒரு நிமிடத்தில் 80 முறை மினுக்கினால், அந்த வேகத்தில் மணிக்கு ஒன்றரை யூனிட் செலவாகிறது என்று பொருள். இவ்வாறே கீசர், மோட்டார், குளிர்பதனப்பெட்டி என ஒவ்வொன்றையும் அளந்து எழுதி வையுங்கள். எல்லாவற்றையும் அணைத்த பின்னும் விளக்கு மினுக்கினால், எங்கோ ஒரு கருவி மறந்துபோய் ஓடிக்கொண்டிருக்கலாம். மின்கசிவாகவும் இருக்கலாம் என்பதால் எலெக்ட்ரீசியனை அழைத்துப் பாருங்கள்.

பிறகு மாற்ற வேண்டியது நேரத்தை. தொட்டிக்கு நீரேற்றுவது, துணி துவைப்பது, இஸ்திரி போடுவது ஆகியவற்றைக் காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணிக்குள் முடித்துக்கொள்ளலாம். இரவில் ஏ.சி.யை 24 டிகிரிக்குக் கீழே இறக்காமல் மின்விசிறியையும் சேர்த்து ஓடவிடுவது போதுமானது. சாதாரண விசிறி ஏறத்தாழ 75 வாட் எடுக்கும் இடத்தில் குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் கொண்ட பி.எல்.டி.சி. விசிறி 30 வாட் அளவிலேயே சுழலும்.

மின்வாரியம் கணக்கெடுத்த நாளிலிருந்து 45ஆம் நாளில் மீட்டரை மீண்டும் பாருங்கள். 2024 ஜூலைக் கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் ரூ.1,805; அதுவே 501 யூனிட் ஆகிவிட்டால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கான குறைந்த விலை பறிபோய் ரூ.2,048 ஆகிவிடும். அந்த 45ஆம் நாளுக்குள் ஓடியது 375 யூனிட்டைத் தாண்டியிருந்தால், மீதமுள்ள இரண்டு வாரங்களில் ஏ.சி.யை எத்தனை மணி நேரம் குறைக்க வேண்டும் என்பதை நீங்கள் எழுதி வைத்த அளவுகளைக் கொண்டே கணக்கிட்டுக்கொள்ளலாம்.