அடிக்கம்பியை உயர்த்துவோம்: கொலராடோ பீடபூமியில் முதல்முறை தன்னார்வலர்களுக்கு

அரிசோனாவுக்கும் யூட்டாவுக்கும் வேலைக்கு வந்த நம்மவர்கள் பலர் கிராண்ட் கேன்யன் விளிம்பில் நின்று படம் எடுத்ததோடு சரி. அந்த வறண்ட பீடபூமிக்கு ஒரு வார இறுதியைத் தர மனமிருந்தால் கம்பிவேலி வேலையில், அதாவது மாட்டுவேலியின் அடிக்கம்பியை உயர்த்துவதில், தொடங்குங்கள். முன்னனுபவம் வேண்டாம்.

இதெல்லாம் மான் போலத் தெரியும் புராங்ஹார்ன் என்ற காட்டு விலங்குக்காக. மணிக்கு 90 கி.மீ. வரை ஓடும் இந்த விலங்கு வேலியைத் தாண்டுவது அபூர்வம். குனிந்து அடியில் நுழையத்தான் பார்க்கும். மாடுகளுக்காகப் போட்ட முள்வேலியில் அடிக்கம்பி தாழ்ந்திருந்தால் முதுகு கிழியும். பனி மூடிவிட்டால் அந்த இடைவெளியும் போய் மந்தையே அடைபட்டு நிற்கும்.

1. அனுமதி. பொது நிலம்தானே என்று நீங்களாகக் கம்பியில் கை வைக்காதீர்கள். நிலம் அரசுடையது, ஆனால் அங்கே மேய்ச்சல் உரிமம் பெற்ற பண்ணைக்காரர் இருப்பார். அரிசோனா ஆண்டிலோப் ஃபவுண்டேஷன், கிராண்ட் கேன்யன் டிரஸ்ட் போன்ற அமைப்புகளில் தன்னார்வலராகப் பதிந்து, குழுவோடு போங்கள்.

2. தயாரிப்பு. தடித்த தோல் கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை, கணுக்காலை மூடும் பூட்ஸ், நாளொன்றுக்கு 4 லிட்டர் தண்ணீர். டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகியிருந்தால் முதலில் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை பிற்பகலில் இடி மின்னல் வரும். வானம் கறுத்தால் வேலியை விட்டு விலகிவிடுங்கள்.

3. நடை. தரையில் கறுத்து, மேடுபள்ளமாகத் தெரியும் பொருக்கை மிதிக்காதீர்கள். நுண்ணுயிரும் பாசியும் லைக்கனும் சேர்ந்து மண்ணைக் காற்றில் பறக்காமல் பிடித்திருக்கும் உயிருள்ள தோல் அது. ஒரு காலடி பட்டால் தேற பல ஆண்டுகள் ஆகும். பாறைமேலும் மணல் ஓடையிலும் நடங்கள்.

4. கடக்கும் இடம். அடிக்கம்பியின் முட்களைப் பாருங்கள். புராங்ஹார்ன் நுழையும் இடத்தில் அதன் தடித்த, வளைத்தால் முறியும் முடி சிக்கியிருக்கும். அடியில் மண் தேய்ந்து தடம் விழுந்திருக்கும். முதலில் அங்கேதான் வேலை.

5. கம்பி மாற்றுதல். இதில் அவசரம் ஆகாது. விறைப்பாக இருக்கும் கம்பியை வெட்டினால் சாட்டைபோல் முகத்தில் அடிக்கும். குழுத்தலைவர் கம்பியைப் பிடித்து மெல்லத் தளர்த்திய பிறகே, இரும்புக் கம்பங்களிலுள்ள கிளிப்புகளைக் கழற்றுங்கள். பழைய முள்கம்பியைச் சுருட்டி எடுத்துவிட்டு, முள்ளில்லாத கம்பியைத் தரையிலிருந்து 40 முதல் 45 செ.மீ. உயரத்தில் கட்ட வேண்டும். அந்த அளவுக்கு ஒரு குச்சி வெட்டிக்கொண்டால் கம்பத்துக்குக் கம்பம் டேப் பிடிக்க வேண்டாம். இரண்டு கம்பங்களுக்கு நடுவே தரை மேடாக இருக்கிறதா என்றும் அதே குச்சியால் பாருங்கள். புதியவர்கள் கோட்டைவிடுவது பெரும்பாலும் அங்கேதான்.

மேல்கம்பி ஏறத்தாழ 105 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. அதற்கும் அடுத்த கம்பிக்கும் இடையே 30 செ.மீ. விடுங்கள். தாண்டும் மியூல் மானின் பின்னங்கால் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் மாட்டிக்கொள்ளும். இந்த அளவுகளில் மாடு வெளியே போகாது, பண்ணைக்காரருக்கும் நிம்மதி.

6. துண்டு பொறுக்குதல். வெட்டிய துணுக்கு ஒன்றுகூடக் கிடக்கக்கூடாது. புல்லோடு கம்பியை விழுங்கும் மாட்டுக்கு இரைப்பை குத்துப்படும். 1996 முதல் அரிசோனாவின் வெர்மிலியன் கிளிஃப்ஸ் பகுதியில் விடப்பட்டுவரும் கலிஃபோர்னியா காண்டோர் கழுகுகளும் சிறு உலோகத் துண்டுகளை விழுங்கக்கூடியவை. காந்தம் ஒன்று கொண்டுபோனால் மணலுக்குள் கிடப்பதும் கிடைக்கும்.

7. பதிவு. மாற்றிய பகுதியின் தொடக்கத்தையும் முடிவையும் ஜிபிஎஸ்ஸில் குறித்து, படத்தோடு குழுத்தலைவரிடம் கொடுங்கள். அடுத்த குழு அங்கிருந்து தொடரும்.